மூன்றாம் வரிசையில் யார்?

மேற்கு தில்லியின் ஜனக்புரியில் பொழுது விடிவது வாளிச் சத்தத்தோடுதான். சூரியன் தலைகாட்டும் முன்பே வாளியும் பழந்துணியுமாக ஆட்கள் தெருவில் இறங்கிவிடுகிறார்கள். மாதக் கூலிக்குக் கார் துடைப்பவர்கள். இவர்களுக்குத் தெரியாத ரகசியம் தெருவில் கிடையாது. எந்த வீட்டில் புது வண்டி வந்திருக்கிறது, யார் வீட்டு வாசலில் யார் நிறுத்தியதால் நேற்று ராத்திரி சண்டை, எந்த வண்டி ஒரு வாரமாக இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை, எல்லாம் அத்துப்படி.

2025ஆம் ஆண்டு நவம்பரில் 'சி' பிளாக் தெரு ஒன்றில் அப்படி நகராமல் நின்றது சாம்பல் நிற மாருதி எர்டிகா ஒன்று. டீசல் வண்டி. வேப்பமரத்து இலைகள் கண்ணாடியில் படிந்திருந்தன. வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஒரே அழுத்தில் கிளம்பும். ஆனால், 2015 அக்டோபரில் வாங்கியது. பத்து வயது முடிந்துவிட்டது.

மத்திய அரசு ஊழியருக்கு 60 வயதில் ஓய்வு. தில்லியின் டீசல் காருக்குப் பத்து வயதில் ஓய்வு. இந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தது தேசிய பசுமைத் தீர்ப்பாயம், 2015இல். தலைநகர் வட்டாரத்தில் பத்து ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டியும் 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்பதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2025 ஜூலை 1 முதல் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்க்குகளில் எரிபொருளே கிடையாது என்றார்கள். காமிரா வைத்துப் பார்த்தார்கள். மக்கள் கொதித்ததும் சில நாட்களில் நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள்மீது நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தச் சலுகையும் பிஎஸ்-4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருங்கியது.

எர்டிகா பிஎஸ்-4. எனவே உயிர் தப்பியது. ஆனாலும் முழுசாகத் தப்பவில்லை. குளிர்காலத்தில் தில்லிக் காற்று கெட்டுப் போய், மாசுத் தடுப்புத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் அமலுக்கு வந்தால் பிஎஸ்-4 டீசல் கார்கள் தெருவில் இறங்கக் கூடாது. மீறினால் அபராதம் 20,000 ரூபாய். வீட்டில் வயதானவர்களுக்கு இருமல் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருப்பது எப்போது? காற்று கெட்டுப்போகிற அதே நாட்களில்தான். கார் தேவைப்படும் நாளில் கார் கூடாது. இந்த ஒரு காரணம்தான் அந்தத் தமிழ்க் குடும்பத்தைப் புது வண்டி தேடிப் புறப்பட வைத்தது.

வீட்டில் ஆறு பேர். தாத்தா கரூர்ப் பக்கத்துக்காரர். 1974இல் மத்திய அரசுக் கணக்குத் துறை வேலைக்கு தில்லி வந்தவர். ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் பன்னிரண்டு வருஷம், பிறகு ஜனக்புரியில் கீழ்த்தளத்து வீடு. பாட்டிக்கு முழங்கால் வலி. மகன் குர்காவ்(ன்) கம்பெனியில் வேலை பார்க்கிறார், மருமகள் ஆசிரியை. பேரனுக்குப் பன்னிரண்டு வயது, பேத்திக்கு ஏழு.

ஜனக்புரியில் இப்படிப்பட்ட தமிழ் வீடுகள் அதிசயமல்ல. தில்லி வளர்ச்சி ஆணையம் எழுபதுகளில் உருவாக்கிய குடியிருப்பு இது. வடக்கே நஜஃப்கர் சாலை, தெற்கே பங்கா சாலை, நடுவே ஏ, பி, சி, டி என்று எழுத்தும் எண்ணுமாகப் பிரிந்த பிளாக்குகள். பிளாக்குக்கு ஒரு பூங்கா, ஒரு கடைத்தெரு. கரோல்பாகிலும் அரசுக் குவார்ட்டர்ஸ்களிலும் இருந்த தமிழர்கள் பலர், சொந்த வீடு என்றதும் இங்கே வந்தார்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று ஜனக்புரியில்தான் இருக்கிறது. பஞ்சாபிகள் நிறைந்த வட்டாரத்தில் பரோட்டா வாசனைக்கு நடுவே சாம்பார் வாசனையும் வருவது இதனால்தான்.

ஆனால் ஆணையத்தின் வரைபடம் போட்டவர்கள் ஒன்றை எதிர்பார்க்கவில்லை. எழுபதுகளில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கனவு ஸ்கூட்டர். அதற்கே வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் கனவின் அளவுக்குத்தான் உள் தெருக்கள் போடப்பட்டன. இன்று அதே தெருவில் இரண்டு பக்கமும் கார்கள். நடுவே ஒரு கார் போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் பெருந்தன்மையோடு பின்னால் போக வேண்டும். பெருந்தன்மை தில்லியில் அவ்வளவு மலிவல்ல.

தாத்தாவின் முதல் நான்கு சக்கரம் மாருதி ஆம்னி. 1984 கடைசியில் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்தது, 1988இல் ஆம்னி ஆயிற்று. மாருதி 800இல் இருந்த அதே 796 சிசி எஞ்சின். நீளம் 3.37 மீட்டர். மூக்கே கிடையாது. ஓட்டுபவரின் முழங்காலுக்கும் முன்னால் போகிற பஸ்ஸுக்கும் இடையே ஒரு தகடுதான். ஆனால், பக்கக் கதவைச் சர்ரென்று தள்ளினால் ஒரு கல்யாண கோஷ்டியே ஏறிவிடும். 1993இல் தாத்தா வாங்கிய ஆம்னியில் ஐந்து இருக்கை. ஏறியவர்கள் ஐந்தோடு நின்றதில்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கு எட்டு ஒன்பது பேர் போவார்கள். பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் குந்திக்கொண்டு வந்த பத்து வயதுப் பையன்தான் இன்றைய வீட்டுத் தலைவர். கடைசியில் உட்கார்ந்து வந்தவருக்குத்தான் அதன் சுகமும் தெரியும், கஷ்டமும் தெரியும்.

பாதுகாப்பு விதிகள் இறுகியதும் 2019இல் ஆம்னி விடைபெற்றது. ஆம்னியின் வாரிசுகள் பல வந்தன, பல போயின. 1994இல் டாடா சுமோ. 2000இல் டொயோட்டா குவாலிஸ், 2005இல் அதன் இடத்தில் இன்னோவா. 2001இல் மாருதி வெர்ஸா. அமிதாப், அபிஷேக் இருவரும் விளம்பரத்தில் வந்தும் விற்பனை சூடு பிடிக்கவில்லை. அதே உடம்பை எளிமையாக்கி 2010இல் ஈகோ என்று கொடுத்தபோது பிய்த்துக்கொண்டு போயிற்று. 2012இல் எர்டிகா. 2014இல் ஹோண்டா மொபிலியோ வந்தது, மூன்று வருஷத்தில் மறைந்தது. இந்தியக் குடும்பம் பெரிய வண்டி கேட்கிறது. ஆனால் பெரிய விலை தர மறுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே சிக்கிக் காணாமல் போன வண்டிகள் கணிசம்.

2015இல் எர்டிகாவா இன்னோவாவா என்று வீட்டில் விவாதம் நடந்தது. தாத்தாவுக்கு இன்னோவா ஆசை. மகன் கடன் தவணையைக் காட்டி எர்டிகா என்றார். அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் 2000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் வண்டிகளைத் தில்லி வட்டாரத்தில் பதிவு செய்யத் தடை விதித்தது. இன்னோவாவுக்குப் பணம் வைத்துக் காத்திருந்தவர்கள் திகைத்தார்கள். 2016 ஆகஸ்டில்தான், ஒரு சதவீதப் பசுமை வரியோடு தடை விலகியது. தில்லியில் வண்டி வாங்குபவர் விலைப் பட்டியலை மட்டும் படித்தால் போதாது, தீர்ப்பையும் படிக்க வேண்டும் என்று அப்போதே தாத்தா முடிவு கட்டினார்.

எனவே இந்த முறை தேடல் தொடங்கியது ஷோரூமில் அல்ல, ஒரு நோட்டுப் புத்தகத்தில். கணக்குத் துறையில் 38 ஆண்டு இருந்தவர். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதம், 92 நாளும் கார் எப்படி ஓடியது என்று தினமும் எழுதி வைத்தார். மகன் மட்டும் தனியாகப் போனது 49 நாள். இரண்டு முதல் நான்கு பேர் போனது 22 நாள். கார் வாசலிலேயே நின்றது 14 நாள். ஆறு பேரும் சேர்ந்து போனது வெறும் ஏழு நாள்: நான்கு விசேஷம், இரண்டு முறை கோவில், ஒரு முறை மதுரா.

மருமகள் கணக்கைப் பார்த்துவிட்டு, "ஏழு நாளுக்காக 92 நாளும் ஏழு சீட்டைச் சுமக்கணுமா மாமா? சின்னதா ஒரு கார் போதும். ஏழு நாளைக்கு டாக்ஸி வச்சுக்கலாம்" என்றார். நியாயமான கேள்வி. செலவுக் கணக்கில் அவர் சொன்னதுதான் சரி.

பெரியவர் நோட்டை மூடினார். "அந்த ஏழு நாள்தானேம்மா குடும்பம்" என்றார்.

மூன்று வரிசை வேண்டும் என்பது அத்தோடு முடிவாயிற்று. எந்த மூன்று வரிசை என்பதுதான் மிச்சம்.

அடுத்து வந்தது அளவு நாடா. வீட்டு வாசலில் வேப்பமரத்துக்கும் பக்கத்து வீட்டு கேட்டுக்கும் நடுவே உள்ள இடம் 15 அடி 3 அங்குலம். ஜனக்புரியில் இது சொத்துப் பத்திரத்தைவிட முக்கியமான அளவு. பக்கத்து வீட்டு கேட்டுக்கு முன்னால் காரின் மூக்கு ஒரு அங்குலம் நீண்டாலும் முப்பது ஆண்டு சிநேகம் முறிந்துவிடும். மகன் வண்டிகளின் நீளத்தை அடிக் கணக்கில் எழுதினார். ஈகோ 12 அடி 1 அங்குலம். ஒரகடத்தில் தயாராகும் ரெனோ ட்ரைபர் 13 அடி 1. புதிய எர்டிகா 14 அடிக்கு மேல். ஆந்திரத்து அனந்தபூரிலிருந்து வரும் கியா கேரன்ஸ் கிளாவிஸ் 14 அடி 11. பெங்களூர் அருகே பிடதியில் செய்யப்படும் இன்னோவா ஹைகிராஸ் 15 அடி 7.

தாத்தாவின் இன்னோவா ஆசை இரண்டாம் முறையாக வேப்பமரத்தில் மோதி நின்றது. இத்தனைக்கும் 2025இல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி. டீசல் இல்லை, பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த ஹைப்ரிட். லிட்டருக்கு 23 கிலோமீட்டர் என்று சான்று. மூன்றாம் வரிசையில் பெரியவர்களும் காலை நீட்டி உட்காரலாம். ஆனால் ஹைப்ரிட் ரகத்தின் விலை 25 லட்சத்தை ஒட்டியும் தாண்டியும் போகிறது. அந்த விலைக்கும் வாசலில் இடம் கிடைக்காது.

பிறகுதான் ஷோரூம் படலம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். விற்பனைப் பையன்கள் தொடுதிரையைக் காட்டினார்கள், பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். பாட்டி எதையும் கவனிக்கவில்லை. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து இறங்கிப் பார்த்தார். அவருக்கு அது ஒன்றுதான் பரீட்சை.

ஈகோவின் தள்ளுகதவைப் பார்த்ததும் பழைய ஆம்னி ஞாபகத்தில் பாட்டியின் முகம் மலர்ந்தது. வாயு நிரப்பினால் கிலோவுக்கு 26 கிலோமீட்டருக்கு மேல் என்கிறது சான்று, விலையும் குறைவு. ஆனால் 2016இல் ஏர்பேக் இல்லாத ஈகோ குளோபல் என்கேப் சோதனையில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. 2025இல் ஆறு ஏர்பேக் வந்திருக்கிறது என்றாலும், உடம்பு பழைய வார்ப்புதான். மருமகள் தலையை அசைத்துவிட்டார். கடைசி வரிசையில் உட்காரப் போவது குழந்தைகள் அல்லவா?

எர்டிகா பழகிய வண்டி. நடு வரிசை முன்னும் பின்னும் நகரும். வாயு ரகத்தை வாங்கினால் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் அங்கேதான் சிக்கல். சிலிண்டர் இருப்பது மூன்றாம் வரிசைக்குப் பின்னால். மூன்று வரிசையிலும் ஆள் இருந்தால் பெட்டி வைக்க இடம் ஏது? தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊரிலிருந்து வருபவர்கள் கைவீசிக்கொண்டா வருகிறார்கள்? அரிசி அப்பளத்திலிருந்து நல்லெண்ணெய் டின் வரை நான்கு பெட்டியாவது இருக்கும். பெட்ரோல் ரகமானால் மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது 209 லிட்டர் இடம். இரண்டு சின்னப் பெட்டிக்குச் சரி.

இதில் வரிக் கணக்கும் புகுந்துகொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இரண்டாகப் பிரிந்தது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1200 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் எஞ்சினும் இருந்தால் 18 சதவீதம். தாண்டினால் 40. எர்டிகாவும் கேரன்ஸும் தாண்டுகின்றன. ஈகோவும் ட்ரைபரும் உள்ளே நிற்கின்றன. போதாததற்குத் தில்லியின் சாலை வரி: பெட்ரோல் காருக்கு ஆறு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை 7 சதவீதம், அதற்கு மேல் 10. வண்டியின் நீளத்தில் ஒரு சாண் கூடினால் வரியில் ஒரு முழம் கூடுகிறது.

கேரன்ஸ் கிளாவிஸ்தான் பாட்டியின் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியது. நடு இருக்கை ஒரு பொத்தானை அழுத்தினால் மடிந்து வழி விடுகிறது. பேத்தி அதையே நான்கு முறை அழுத்திப் பார்த்தாள். ஆனால் பத்து லட்சத்தைத் தாண்டும் விலை, வாசலில் மிஞ்சுவது நான்கே அங்குலம். தினமும் மாலை களைத்து வரும் மகன் நான்கு அங்குல இடைவெளியில் வண்டியைச் செருக வேண்டும்.

கடைசியில் ட்ரைபர். நான்கு மீட்டருக்குள் ஏழு இருக்கை எப்படி வைத்தார்கள் என்பதே வேடிக்கை. மூன்றாம் வரிசை இரண்டு தனித்தனி இருக்கைகள். இரண்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். கழற்றினால் 625 லிட்டர் இடம். மாட்டினால் வெறும் 84 லிட்டர், இரண்டு கைப்பைக்கு மேல் போகாது. மகன்தான் கணக்குப் போட்டார். வீட்டில் ஏழு பேர் இல்லையே, ஆறு பேர்தானே? முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, பின்னால் ஒன்று. மற்ற ஒரு இருக்கையைக் கழற்றினால் அந்த இடத்தில் பெட்டி. சாதாரண நாட்களில் இரண்டுமே மாடிப்படிக்கு அடியில் தூங்கும்.

குறைகளையும் அவர்கள் மறைக்கவில்லை. 999 சிசி, மூன்று சிலிண்டர், 72 குதிரைத் திறன். ஆறு பேரோடு மேம்பாலம் ஏறும்போது முக்கும். பாதுகாப்புச் சோதனைக் கதையும் நேரானதல்ல. 2021இல் குளோபல் என்கேப் ட்ரைபருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம், குழந்தைகளுக்கு மூன்று தந்தது. சோதனை விதிகளைக் கடுமையாக்கியபின், 2025இல் ஆப்பிரிக்காவில் விற்கும் ட்ரைபருக்கு இரண்டுதான். அதே கடுமையான சோதனையில் 2024இல் எர்டிகா வாங்கியது ஒன்று. இரண்டு வண்டியிலும் ஆறு ஏர்பேக் கட்டாயமாக வந்தது அதற்குப் பிறகு, 2025 ஜூலையில். ஆகவே பழைய நான்கையும் புதிய இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பது சரியல்ல; நட்சத்திரத்தோடு ஆண்டையும் படிக்க வேண்டும். மருமகள் படித்தார். எல்லா இருக்கையிலும் தோள்பட்டை பெல்ட் இருக்கிறதா, பின்னால் உட்கார்ந்தாலும் பெல்ட் போடாமல் வண்டி கிளம்பாது என்ற இரண்டு நிபந்தனையோடு சம்மதித்தார்.

மலைப்பயணம்? முசூரிக்கும் நைனிதாலுக்கும் இந்தச் சின்ன எஞ்சினை விரட்ட வேண்டாம். வருஷத்தில் நாலைந்து நாள் இன்னோவா டாக்ஸி. தாத்தாவின் ஆசையும் நிறைவேறும். மலை மந்திருக்கோ காரே வேண்டாம். 2018 மே மாதம் மெஜந்தா மெட்ரோ ஜனக்புரி மேற்கிலிருந்து கால்காஜி மந்திர்வரை நீண்டபோதே அந்தக் கவலை தீர்ந்தது. பாலம், விமான நிலையத்தின் முதல் முனையம் எல்லாம் தாண்டி வசந்த் விஹாரில் இறங்கினால் கோவில் பக்கம். எட்டு ஒன்பது பேராக ஆம்னியில் அடைந்துகொண்டு போன பாதையில் இன்று பாட்டி குளிர்சாதனப் பெட்டியில், மூத்த குடிமக்கள் இருக்கையில் போகிறார். ஜனக்புரியில் எந்தப் புது வண்டிக்கும் பலமான போட்டி இன்னொரு வண்டி அல்ல, மெட்ரோதான்.

எல்லாம் முடிந்தபின் ஒரு கேள்வி மட்டும் பாக்கி. பின்னால் அந்த ஒற்றை இருக்கையில் யார்? பேத்தியைத் தனியாக உட்கார வைக்க முடியாது. பாட்டியால் மடிந்து ஏற முடியாது. தாத்தா, "நான் உட்காரறேன்" என்றார். 73 வயதில் அவர் அதற்குள் நுழைந்து பார்த்ததில் தலை இடித்தது. கடைசியில் பேரன், "தாத்தா, எனக்குத் தனி ஜன்னல், தனி சீட்டு. நானே உட்காரறேன்" என்றான். முப்பது வருஷத்துக்கு முன் ஆம்னியின் பின்பக்கத்தில் குந்தி வந்தவர் சிரித்துக்கொண்டே முன்பணம் கட்டினார்.

பழைய எர்டிகா என்ன ஆயிற்று? மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தை ஜனக்புரிக்குப் பக்கம்தான். தில்லியின் எத்தனையோ கார்கள் கதவு வேறு, எஞ்சின் வேறு என்று பிரிந்த இடம். இப்போது அரசுப் பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களும் வந்துவிட்டன. கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள், புது வண்டியின் சாலை வரியில் சலுகை உண்டு. ஆனால் நன்றாக ஓடுகிற வண்டியை உடைக்கத் தாத்தாவுக்கு மனம் வரவில்லை. ஜனக்புரி போக்குவரத்து அலுவலகத்தில் மறுப்பின்மைச் சான்று வாங்கினார்கள். கரூரில் தம்பி மகனுக்கு வண்டி தேவைப்பட்டது. அங்கே மறுபதிவு செய்து, வரி கட்டினால், இன்னும் பல வருஷம் ஓடலாம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மகனும் ஒரு நண்பருமாக வண்டியைக் கிளப்பினார்கள். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாகபுரி, ஹைதராபாத், பெங்களூர், சேலம், நாமக்கல் என்று 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கரூர்வரை கொண்டு விட்டுவிடும். டிஎல் 4சி என்று தொடங்கும் நம்பர் பிளேட், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். வாசலில் நின்று பார்த்த தாத்தா வெகுநேரம் உள்ளே போகவில்லை. ரிட்டயரானதும் ஊருக்குப் போய்விடலாம் என்று 1974இலேயே முடிவு செய்தவர் அவர். பேரன் பள்ளி, பாட்டியின் வைத்தியம் என்று ஒவ்வொன்றாகக் காரணம் சேர்ந்து ஜனக்புரியிலேயே இருந்துவிட்டார். பத்து வயதில் ரிட்டயரான வண்டி ஊருக்குக் கிளம்பிவிட்டது.

மறுநாள் விடிகாலை வாளியோடு வந்த ஆள் வேப்பமரத்தடியில் புதிதாய் நின்ற சின்ன வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். துடைக்க இடம் குறைவு. மாதக் கூலி மட்டும் பழைய கூலிதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.